பிளாஸ்டரோடு வந்த தோல்

சென்ற மாதம் புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வயதானவர்களின் தோலைக் கையாள்வது பற்றி அரைமணி நேரம் பேசினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், இப்ப நிறையப் பேர் கொலாஜன் பவுடர் பத்திக் கேக்குறாங்க. குடிக்கச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

பவுடர் நேராகத் தோலுக்குப் போய்ச் சேராது, வயிற்றில் மற்றப் புரதம் போலத்தான் செரிக்கும் என்று சொன்னேன். பலன் உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னேன். முட்டை, பருப்பு, நெல்லிக்காய், கொய்யா சாப்பிடச் சொல்லுங்கள், வெயிலில் கையை மூடச் சொல்லுங்கள், புகையிலையை விடச் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே என் பதில் பிடிக்கவில்லை. சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கொலாஜன் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பெண்மணியின் கையிலிருந்து உரிந்து வந்த தோல். அந்தப் பெண்மணி என்னால் சாகக் கிடந்தார். அதை விழுங்கிவிட்டு நெல்லிக்காயை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

கொல்லிமலைக்கு நான் மாறுதலாகி வந்தபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இருபது வருடத்துக்கு மேல் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவள் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மலையில் எங்களுடையது சின்ன ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு டாக்டர், என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரு மருந்தாளுநர், நாமக்கல்லில் இருந்து வந்தவர். பகலில் பெரும்பாலும் நான் ஒரே செவிலியர்.

வெள்ளையம்மா முதலில் வந்தது ஒரு சின்ன வெட்டுக் காயத்தோடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்; அவர் குண்டனி நாட்டில் ஒரு சிற்றூர். அறுபது வயதிருக்கும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது முன்கையில் கீறிவிட்டது. தையல் தேவைப்படவில்லை. சுத்தம் செய்து, காஸ் துணி வைத்து, அகலமான பிளாஸ்டரை இழுத்து ஒட்டி, மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். அவர் முகம் உருண்டையாக, கன்னம் உப்பி இருந்ததைப் பார்த்தேன். நல்ல உடம்பு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் கவனிப்பு.

மூன்றாம் நாள் கணவரோடு வந்தார். கணவர் பெயர் சடையன். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பவர்களுக்கே உரிய, ஏணி ஏறி ஏறிக் காய்ப்புப் பிடித்த பாதம். அவர் கதவருகில் நின்றுகொண்டார். வெளிநோயாளிகள் வரும் ஓ.பி. கூடத்தில் அன்று நல்ல கூட்டம்; டாக்டர் வெளியே ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார்.

நான் பிளாஸ்டரின் ஒரு முனையைப் பிடித்து, எப்போதும் செய்வதுபோல ஒரே இழுப்பாக இழுத்தேன்.

தோலும் கூடவே வந்தது. காயத்தைச் சுற்றியிருந்த நல்ல தோல், பாலின் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் எடுத்தால் சுருண்டு வருமே, அப்படி வந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கீழே ஈரமான சிவப்பு. வெள்ளையம்மா "அய்யோ சாமி" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பிளாஸ்டர் பிரித்திருப்பேன், இப்படி ஒன்று நடந்ததில்லை. ஈரக் காஸால் அந்தத் தோலை மெதுவாக நகர்த்தி மறுபடி அதன் இடத்திலேயே படுக்க வைத்தேன். பாதிதான் படிந்தது.

அப்போதுதான் அவருடைய இரண்டு முன்கைகளையும் முழுதாகப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் மூடியிருந்த இடமெல்லாம் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டியிருந்தது. சில புதியவை, சில பழையவை.

"இதெல்லாம் என்ன?" என்றேன்.

"தானா வருதுங்க நர்சம்மா."

"தானா எப்படி வரும்?"

"கூடையத் தூக்குனா வருதுங்க. கதவுல லேசாப் பட்டாக்கூட வந்துருதுங்க."

தானா வருது என்ற அந்த இரண்டு சொற்களை நான் பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன். கீழே விழுந்தேன், கதவில் இடித்துக்கொண்டேன், தானாக வந்தது. சொன்னவர்களில் பலர் வீட்டில் அடி வாங்கியவர்கள். ஆகவே சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததை இன்றும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். உங்களுக்கும் வர வேண்டும். வந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். அவரைத் தனியாக உள்ளே கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டிருக்கலாம். டாக்டர் முகாம் முடிந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். பிளாஸ்டரோடு தோலை உரித்துவிட்ட பதற்றம் என் தலைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குற்றத்தை வேறு யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கதவருகில் நின்றவரைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

"ஏங்க, இந்தம்மாவ அடிக்கிறீங்களா?"

சடையன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார். குற்றவாளி இப்படித்தான் தலையைக் குனிவான் என்று நான் நினைத்தேன். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

வெள்ளையம்மாதான் பதறிப்போய் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். "அவரு தங்கமுங்க நர்சம்மா. இதத் திங்க ஆரம்பிச்சதுல இருந்துதான் இப்படி ஆகுதுங்க. முட்டி வலிக்கு சந்தையில ஒருத்தரு தாராருங்க." உள்ளே செய்தித்தாளில் மடித்த பொட்டலம். பெயரில்லாத சின்ன வெள்ளை மாத்திரைகள்.

மருந்தாளுநர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஸ்டீராய்டு மாதிரி இருக்குங்க சிஸ்டர்" என்றார் தாழ்ந்த குரலில்.

"எவ்வளவு நாளா சாப்பிடறீங்க?"

"மூணு மிளகு வெள்ளாமை ஆச்சுங்க. திங்காட்டி முட்டிய மடக்க முடியாதுங்க."

இப்போது எல்லாம் பொருந்தியது. உப்பிய முகம், காகிதம் போன்ற தோல், தொட்டால் கட்டும் ரத்தம். கொலாஜன் என்பது தோலின் உள்ளடுக்கில் பின்னிக் கிடக்கும் புரத நார். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு எப்படியோ அப்படி. தோலின் உறுதி முழுக்க அதில்தான் இருக்கிறது. வயது ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக அது தளரும். மலையில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு இன்னும் வேகமாக. ஸ்டீராய்டு மாத்திரையை வருடக் கணக்கில் தின்றால் புதுக்கயிறு திரிக்கிற வேலையே நின்றுபோகும். பழையது நைந்துபோகும். அதன் மேல்தான் நான் பிளாஸ்டரை ஒட்டி இழுத்திருக்கிறேன்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் அந்தப் பொட்டலத்தை அவர் கண் முன்னாலேயே குப்பைக் கூடையில் போட்டேன். "இதுதான் உங்க தோலைத் தின்னுது. இன்னையிலிருந்து ஒண்ணுகூடத் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா தெரிஞ்சுடும்" என்றேன். சடையனைப் பார்த்தும் விரலை நீட்டிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். சந்தேகப்பட்டதற்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார். நான் அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தோல் உரிந்ததையும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் "காயம், டிரெஸ்ஸிங்" என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். டாக்டர் காலையிலேயே மீட்டிங்குக்காகக் கீழே போயிருந்தார். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சடையன் தன் மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார்.

வெள்ளையம்மாவுக்குக் கண் பாதி திறந்திருந்தது. உடம்பு சில்லென்று வியர்த்திருந்தது. கூப்பிட்டால் முனகினார். பிரஷர் எழுபது. கீழ் அளவு சரியாகக் கேட்கவே இல்லை. சர்க்கரை பார்த்தேன், ஐம்பத்திரண்டு. முன்கைக் கட்டைப் பிரித்தால் காயத்தில் கொஞ்சம் சீழ், சுற்றிலும் சூடு. நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. தோல் அப்படி நழுவியது. மூன்றாவது முயற்சியில் ஊசி ஏறியது. பிளாஸ்டர் ஒட்டப் போன கையை நிறுத்தி, துணிக் கட்டைச் சுற்றி ஊசியைப் பிடிக்க வைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் நரம்பில் கொடுத்தோம். சலைனை வேகமாக ஓட விட்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாளுங்க" என்றார் சடையன். "மொதல்ல சோறு வேண்டான்னுச்சு. அப்பறம் வாந்தி. நேத்து எந்திரிக்கவே முடியல. வயித்து வலின்னுச்சுங்க."

"மூணு நாளா வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"



"வந்தா மறுக்காவும் என்னயத்தான் கேப்பீங்கன்னு இருந்தேனுங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். மலையில் இருந்த வண்டி ஒரு பிரசவ கேஸோடு இறங்கிப் போயிருந்தது. திரும்பி ஏற ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். டாக்டருக்குப் போன் போட்டேன். மீட்டிங் முடிந்து அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி ஏறிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் எதில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதிர்ஷ்டமாக எடுத்தார்.

நான் சொன்னேன்: அறுபது வயது, வாந்தி, காய்ச்சல் லேசாக, பிரஷர் எழுபது, சர்க்கரை குறைவு, கையில் சீழ் பிடித்த காயம், சலைன் ஓடுகிறது.

"செப்சிஸா இருக்கலாம்" என்றார், கிருமி ரத்தத்தில் பரவிய நிலையைச் சொல்லி. "வேற எதாவது மாத்திரை சாப்பிடறாங்களா சிஸ்டர்?"

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். மருந்தாளுநர் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். ஒண்ணும் சாப்பிடல" என்றேன்.

அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் இப்போது எதுவும் சாப்பிடவில்லைதானே. டாக்டர் ஓர் ஆன்டிபயாடிக்கின் பெயரையும் அளவையும் சொன்னார். வேறேதோ சொல்லும்போது பாதியில் லைன் போய்விட்டது.

ஆன்டிபயாடிக்கைப் போட்டேன். முதல் பாட்டில் சலைன் முடிந்தது. பிரஷர் எழுபத்தாறு. இரண்டாவது பாட்டில் மாட்டினேன். எழுபத்திரண்டு. தண்ணீர் உள்ளே போகிறது, ரத்த அழுத்தம் ஏறவில்லை. வெள்ளையம்மாவின் முனகலும் நின்றுவிட்டது. சடையன் அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுத்தித் தேய்க்காமல், விரல் நுனியால், தோல் உரிந்துவிடும் என்று தெரிந்தவர் தேய்ப்பதுபோல. அந்தக் கையைத்தான் அடிக்கிற கை என்றேன்.

அவர் தலை நிமிராமலே சொன்னார். "நீங்க சொன்ன நாள்ல இருந்து அந்த மாத்திரைய ஒண்ணுகூடக் கண்ணுல காட்டலீங்க. சந்தைக்காரரு மறுக்கா குடுத்தாரு, நாந்தான் ஓடையில வீசிட்டேன். அது குடு குடுன்னு கேட்டுச்சு. நர்சம்மா திட்டுவாங்கன்னு நான் தரலீங்க."

பல வருடங்களுக்கு முன் வகுப்பில் படித்தது வரிவரியாக ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் அந்த மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால், அதிலும் உடம்பில் சீழோ காய்ச்சலோ இருக்கும்போது நிறுத்தினால், தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. பிரஷர் விழும், சர்க்கரை விழும், ஆள் போய்விடுவார். வெள்ளையம்மாவுக்கு வந்திருப்பது அதுதான். வரவழைத்தது நான்.

மருந்தாளுநரைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என் மேல் மரியாதை உள்ளவர். ஆகவேதான் சொன்னார்:

"சிஸ்டர், நீங்க நிறுத்தச் சொன்னது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அவங்களே நிறுத்திட்டாங்கன்னு சொல்லிக்கலாமே. இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறம் எதுக்கு வம்பு?"

அவர் சொன்னபடி சொன்னாலும் டாக்டருக்கு வேண்டிய தகவல் போய்ச் சேரும். போட வேண்டிய ஸ்டீராய்டு ஊசியும் மாறாது. எனக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு. அது எவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த அறையில் நான் ஒரு நிமிடம் நின்றேன். ஆனால் "அவங்களே" என்றால் யார்? வெள்ளையம்மா பேச முடியாமல் கிடக்கிறார். மாத்திரையை ஓடையில் வீசியவர் சடையன். வெள்ளையம்மா செத்துப்போனால், கேட்டும் கொடுக்காதவர் என்று ஊர் அவரைத்தான் சொல்லும். ஏற்கெனவே என் வாயால் ஒரு பழி அவர் மேல் கிடக்கிறது.

போனை எடுத்தேன். ரிங் போகவில்லை. மறுபடி. மறுபடி. மருந்தாளுநரும் தன் போனில் முயன்றார். அவசர மருந்துத் தட்டில் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மருந்துக் குப்பி இருந்தது. எடுத்துக் கலந்து சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்தேன். டாக்டர் சொல்லாமல் போட எனக்கு அதிகாரம் இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் பார்ப்பேன், லைன் கிடைக்காவிட்டால் போட்டுவிடுவேன் என்று முடிவு செய்தேன். அது சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சோதிக்கப்படாமல் தப்பித்தேன். அடுத்த முயற்சியில் மருந்தாளுநரின் போன் கிடைத்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் சடையன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நான் முதல்ல சொன்னது தப்பு. அவங்க மூணு வருஷமா ஸ்டீராய்டு சாப்பிட்டவங்க. போன வாரம் நான்தான் சட்டுனு நிறுத்தச் சொன்னேன். மாத்திரையைக் குப்பையில போட்டதும் நான்தான்."

மறுமுனையில் வண்டி கியர் மாறும் சத்தம் கேட்டது.

"ஹைட்ரோகார்ட் இருக்கா?"

"கலந்து கையில வச்சிருக்கேன் சார்."

"நூறு மில்லிகிராம், ஐ.வி. இப்பவே. சலைனை நிறுத்தாதீங்க. சர்க்கரையத் திரும்பப் பாருங்க. ஆம்புலன்ஸ் வந்தா எனக்காக நிக்க வேண்டாம், கீழ இறக்குங்க. நான் வழியில ஏறிக்கிறேன்."

லைன் போயிற்று. நான் போட்டேன்.

அதன் பிறகான நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் பட்டையைச் சுற்றினேன். பட்டை இறுகும்போதுகூடத் தோல் கிழியுமே என்று அடியில் துணி வைத்துச் சுற்றினேன். எழுபத்து நான்கு. எழுபத்து நான்கு. எண்பது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, கை மாற்றிப் பார்த்தேன். எண்பத்து நான்கு. அரைமணி நேரத்தில் தொண்ணூறைத் தொட்டது. வெள்ளையம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து, "கெழங்குக்கு ஆரு காவலு? பன்னி வந்துருமுங்க" என்றார். சடையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். ஒரு வளைவில் டாக்டரின் வண்டி ஓரமாக நின்றிருந்தது. அவர் ஏறி, நாடி பார்த்து, கண்ணைப் பார்த்து, காயத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சிஸ்டர், மாத்திரைய நிறுத்தச் சொன்னது தெரியாம நடந்த தப்பு. அத நான் புரிஞ்சுக்குவேன். மொதல் போனுக்கும் ரெண்டாவது போனுக்கும் நடுவுல இருபது நிமிஷம். அது தெரிஞ்சு நடந்தது."

என் மகன் வயதுப் பிள்ளை. குரலை உயர்த்தவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கான கடிதத்தை எழுத ஆரம்பித்தவர், "இதுவரை எடுத்த மருந்துகள்" என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, தாளை என்னிடம் நீட்டினார். "இத நீங்க எழுதுங்க."

வண்டி ஆடியது. எழுத்துக் கோணல் மாணலாக வந்தது. 'பெயர் தெரியாத ஸ்டீராய்டு மாத்திரை, மூன்று ஆண்டுகள். செவிலியரின் சொல்படி திடீரென நிறுத்தப்பட்டது' என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். வேலையில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன். அத்துடன் முடிந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஆகாது.

வெள்ளையம்மா பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினார். அவருக்கு முறையாக அளவு குறித்த மாத்திரை கொடுத்து, மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். முட்டி வலிக்கு வேறு வைத்தியம். தோலை என் பொறுப்பில் விட்டார் டாக்டர். ஒட்டும் எதுவும் அந்தக் கையில் படக் கூடாது என்று காஸும் துணிக் கட்டும்தான். குளித்த ஈரத்தோடு வாசலின் களிம்பு தடவச் சொன்னேன். காட்டுக்குப் போகும்போது சடையனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தினம் ஒரு முட்டை, கொள்ளோ துவரையோ ஒரு வேளை, மலையில் கொய்யாவுக்கா பஞ்சம். வெற்றிலையோடு போட்ட புகையிலையை விடத்தான் அவருக்குச் சிரமமாக இருந்தது. "அத மட்டும் கேக்காதீங்க கண்ணு" என்பார். கேட்டேன். பாதி விட்டார்.

காயம் மூட நான்கு மாதம் ஆயிற்று. ஊதாத் திட்டுகள் புதிதாக வருவது மெல்லக் குறைந்தது. ஒரு வருடம் கழிந்தும் அந்தத் தோல் பழையபடி ஆகவில்லை. கிள்ளினால் மெலிதாகத்தான் இருந்தது. இழந்த நாரை உடம்பு முழுக்கத் திரும்பத் திரித்துத் தராது. இருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் கூட்டலாம். யாராவது உங்களிடம் அதைவிடப் பெரிதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

சடையனிடம் நான் மன்னிப்புக் கேட்டது முதல் மறு பரிசோதனைக்கு அவர்கள் வந்த அன்று. ஓ.பி. கூடத்தில், ஆட்கள் இருக்கும்போதே, "அன்னைக்கு உங்களைக் கேட்டது தப்புங்க. நீங்க அடிக்கல. நான் தெரியாம பேசிட்டேன்" என்றேன். தைரியமான காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "சரிங்க" என்றார். பிறகு, "இங்க இருக்கறவங்கல்லாம் ஆலத்தூர் நாட்டுக்காரங்க நர்சம்மா. அன்னைக்குக் கேட்டவங்க எங்க ஊர்க்காரங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுப்பு நாளில் பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் நடை. கோயில் முன்னால் ஆண்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள், சடையனும் அவர்களோடு இருந்தார். அன்று பெஞ்சில் இருந்த பெண்களில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள், என்னைப் பார்த்ததும் நின்றாள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். இவர் அடிக்கிறாரா என்று நான் ஆஸ்பத்திரியில் கேட்டது தவறு. திட்டுத் திட்டாக வந்தது மாத்திரையால். மாத்திரையைச் சட்டென நிறுத்தி அந்தம்மாவைச் சாகக் கிடத்தியதும் நான்தான், இவர் இல்லை. வயதானவர்கள் தோல் இப்படி இருந்தால் வந்து காட்டுங்கள், அந்த மாத்திரை யாராவது சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல் கொண்டு வாருங்கள்.

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர், "எங்கம்மாவுக்கும் கை அப்படித்தானுங்க இருக்குது" என்றார். நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவின் தலையணைக்கடியில் அதே செய்தித்தாள் பொட்டலம். இந்தத் தடவை அதைத் தொடவில்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டி வரச் சொன்னேன்.

திரும்பும்போது சடையன் பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். மன்னித்துவிட்டேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்வார் என்று எதிர்பார்த்து நடந்தேன். பஸ் வந்து, நான் படியில் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இனி அதுக்கு ஒடம்பு முடியலைன்னா மொத நாளே கூட்டியாந்துடறேனுங்க."